ஒரே கருவிக்கு ஐந்து ஐபி முகவரி: 'அனுப்புநர்' யார் என்று முடிவு செய்வது யார்?

பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தது ஞாபகம் இருக்கா? முதலில் 'அனுப்புநர்', அதற்குக் கீழே 'பெறுநர்'. பெறுநர் முகவரி தப்பாக இருந்தால் கடிதம் போய்ச் சேராது. அனுப்புநர் முகவரி தப்பாக இருந்தால்? கடிதம் போய்ச் சேர்ந்துவிடும், பதில்தான் வராது. வந்தாலும் வேறு யார் வீட்டுக்காவது போய்விடும்.

இணையத்திலும் இதே கதைதான். உங்கள் போனில் இருந்து கிளம்பும் ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டிலும் இரண்டு ஐபி முகவரிகள் இருக்கும். ஒன்று எங்கே போகணும் என்பது, இன்னொன்று எங்கிருந்து வருது என்பது. போக வேண்டிய முகவரியை டிஎன்எஸ் கண்டுபிடித்துத் தருகிறது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் 'எங்கிருந்து' என்ற முகவரியை யார் எழுதுகிறார்கள்?

கருவிக்கு ஒரே ஒரு முகவரி இருந்தால் இந்தக் கேள்வியே வராது. இன்றைக்கு ஒரு சாதாரண லேப்டாப்புக்கே நாலைந்து முகவரிகள் இருக்கும். ஒவ்வொரு புதிய இணைப்பு தொடங்கும்போதும் அதில் ஒன்றை 'அனுப்புநர்' ஆகத் தேர்வு செய்தாக வேண்டும். அந்தத் தேர்வில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, பதில் திரும்பி வருமா? இரண்டு, எதிர்முனையில் இருப்பவர் உங்களை அடையாளம் கண்டு பின்தொடர முடியுமா? இரண்டாவது விஷயத்தில் 2003-ல் எழுதப்பட்ட ஒரு விதி, 2012-ல் அப்படியே தலைகீழாக மாறியது. அந்தக் கதைக்கு வருவோம். அதற்கு முன் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

ஒரு கருவிக்கு எதற்கு இத்தனை முகவரி?

'என் லேப்டாப்பின் ஐபி முகவரி' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஆனால் ஐபி முகவரி லேப்டாப்புக்குத் தரப்படுவதில்லை. லேப்டாப்பில் இருக்கும் ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. ஒரு வீட்டுக்கு முன்வாசல், பின்வாசல், மாடிப்படி என்று இருப்பதுபோல. ஒவ்வொரு வாசலுக்கும் வேறு கதவு எண்.

வீட்டு வைஃபையில் லேப்டாப்பை இணைத்தால் 192.168.1.5 மாதிரி ஒரு முகவரி வரும். அலுவலக விபிஎன் ஆன் செய்தால் 10-ல் தொடங்கும் இன்னொரு முகவரி சேரும். கருவி தனக்குத்தானே பேசிக்கொள்ள 127.0.0.1 எப்போதும் இருக்கும். போனாக இருந்தால் வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று.

இதோடு ஐபிவி6 வந்து சேர்ந்தது. பழைய ஐபிவி4-ல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் என்பதால், அதில் முகவரிப் பஞ்சம். 128 பிட் நீளமுள்ள ஐபிவி6-ல் அந்தப் பஞ்சமே இல்லை. அதனால் ஒரே இணைப்பில் பல முகவரிகள் வைத்துக்கொள்வது அங்கே விதிவிலக்கு அல்ல, வழக்கம். இது ஏதோ வெளிநாட்டு சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2016-ல் 4ஜி சேவையைத் தொடங்கிய ஜியோ, ஆரம்பத்தில் இருந்தே ஐபிவி6-ஐப் பெரிய அளவில் பயன்படுத்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

யார் முடிவு செய்கிறார்கள்?

சிம்பிளாகச் சொன்னால், முதல் உரிமை ஆப்புக்கு. 'நான் இந்த முகவரியில் இருந்துதான் பேசுவேன்' என்று ஒரு ஆப் கேட்டுக்கொண்டால், ஆபரேட்டிங் சிஸ்டம் அதை ஏற்கும். புரோகிராமர்கள் இதை 'பைண்ட்' செய்வது என்பார்கள். ஆனால் பெரும்பாலான ஆப்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. 'இந்த இடத்துக்கு என்னை இணைச்சு விடு' என்று மட்டும் கேட்கும். மீதியை ஆபரேட்டிங் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்.

ஐபிவி4-ல் அது செய்வது கிட்டத்தட்ட இதுதான். முதலில் போக வேண்டிய முகவரியைப் பார்க்கும். பிறகு தன்னிடம் உள்ள ரூட்டிங் அட்டவணையில், அந்த இடத்துக்கு எந்த வாசல் வழியாகப் போகணும் என்று தேடும். வாசல் முடிவானதும், அந்த வாசலுக்கு உரிய முகவரியை அனுப்புநர் ஆக எழுதிவிடும். ஆக, நாம் எங்கே போகிறோம் என்பதே நாம் யார் பெயரில் போகிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது.

ஒரு உதாரணம். வீட்டில் இருந்து வேலை செய்கிறீர்கள். விபிஎன் ஆன். ஒரு டேபில் அலுவலகத்தின் உள் இணையதளம், இன்னொரு டேபில் யூடியூப். சில நிறுவனங்கள் எல்லா டிராஃபிக்கையும் விபிஎன் வழியாக அனுப்பும். சில நிறுவனங்கள் அலுவலகச் சமாசாரம் மட்டும் விபிஎன் வழியாகப் போகட்டும், மற்றது நேரடியாகப் போகட்டும் என்று பிரித்து வைக்கும். பிரித்து வைத்திருந்தால், அலுவலக டேப் 10-ல் தொடங்கும் விபிஎன் முகவரியில் இருந்து பேசும். யூடியூப் டேப் வீட்டு வைஃபை முகவரியில் இருந்து பேசும். ஒரே லேப்டாப், ஒரே நொடி, இரண்டு அனுப்புநர்கள்.

'விபிஎன் போட்டிருக்கேன், ஆனா கிளையன்ட் சைட் மட்டும் ஓபன் ஆகலை' என்ற புலம்பலுக்கு இது ஒரு அடிக்கடி வரும் காரணம். கிளையன்ட் தரப்பில் உங்கள் அலுவலக ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் அந்த இணையதளத்துக்கான வழி விபிஎன் பட்டியலில் இல்லை. அதனால் கோரிக்கை உங்கள் வீட்டு பிராட்பேண்ட் வழியாகப் போகிறது. எதிர்முனை பார்ப்பது, தனக்குத் தெரியாத ஒரு வீட்டு முகவரி. கதவு மூடிவிடும். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் இது சரியாகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. சில விபிஎன்கள் ஐபிவி4 டிராஃபிக்கை மட்டும் தன் வழியாக இழுத்துக்கொண்டு, ஐபிவி6-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். உங்கள் இணைப்பில் ஐபிவி6 இருந்து, நீங்கள் போகும் தளத்திலும் அது இருந்தால், கருவி விபிஎன்னைச் சுற்றிக்கொண்டு நேராக வெளியே போய்விடும். மறைக்க நினைத்த முகவரியே அனுப்புநர் ஆகிவிடும்.

தப்பான முகவரி எழுதினால் என்ன ஆகும்?

முதலில் சின்ன சிக்கல். ஒரு சர்வருக்கு இரண்டு ஐபி முகவரிகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது முகவரிக்கு ஒருவர் கேள்வி அனுப்புகிறார். சர்வர் பதிலைத் தயார் செய்து, தன் வழக்கப்படி முதல் முகவரியில் இருந்து அனுப்பிவிடுகிறது. கேட்டவர் பார்க்கிறார்: 'நான் கேட்டது இவரிடம் இல்லையே!' பதிலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். டிசிபி முறையில் இந்தப் பிரச்சினை வராது, இணைப்பு தொடங்கிய முகவரியே கடைசி வரை நிற்கும். டிஎன்எஸ் போன்றவை பயன்படுத்தும் யுடிபி முறையில், சர்வர் மென்பொருளை எழுதுபவர்தான் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மின்னஞ்சல் சர்வர் நடத்துபவர்களுக்கும் இது பழக்கமான தலைவலி. 'எங்கள் நிறுவன மெயில் இந்த முகவரியில் இருந்துதான் வரும்' என்று டிஎன்எஸ்ஸில் அறிவித்திருப்பார்கள். சர்வருக்குப் புதிதாக ஒரு முகவரி சேர்த்ததும், மெயில்கள் அதில் இருந்து கிளம்பத் தொடங்கலாம். அடுத்த நாளே வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய மெயில் எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குள் கிடக்கும். உள்ளடக்கத்தில் ஒரு தப்பும் இருக்காது. அனுப்புநர் முகவரிதான் வேறு.

இப்போது பெரிய சிக்கல். அனுப்புநர் முகவரியை ஒருவர் வேண்டுமென்றே பொய்யாக எழுதினால்?

2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின் மீது நடந்த தாக்குதல் இதற்குப் பெரிய உதாரணம். தாக்கியவர்கள் கிட்ஹப்புக்கு நேரடியாக எதையும் அனுப்பவில்லை. இணையத்தில் பாதுகாப்பில்லாமல் கிடந்த 'மெம்கேஷ்டு' சர்வர்களுக்குச் சின்னச் சின்னக் கேள்விகளை அனுப்பினார்கள். அனுப்புநர் இடத்தில் கிட்ஹப்பின் முகவரியை எழுதினார்கள். அந்த சர்வர்கள் நல்ல பிள்ளையாக, பிரம்மாண்டமான பதில்களை கிட்ஹப்புக்கு அனுப்பின. உச்சத்தில் நொடிக்கு 1.35 டெராபிட். கிட்ஹப் சில நிமிடங்கள் தடுமாறியது.

இந்த மாதிரி மோசடியைத் தடுக்க 2000-ம் ஆண்டிலேயே ஒரு வழிகாட்டுதல் வந்துவிட்டது. பொறியாளர்கள் அதை 'பிசிபி 38' என்பார்கள். விஷயம் எளிமையானது: இணைய சேவை நிறுவனங்கள், தங்கள் வாடிக்கையாளருக்குத் தாங்கள் கொடுக்காத முகவரியில் இருந்து பாக்கெட் வந்தால், அதை வெளியே விடக் கூடாது. எல்லா நிறுவனங்களும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட தாக்குதல்கள் நடக்கின்றன.

ஆனால் ஒழுங்காகச் செய்யும் இடத்தில் அப்பாவிகளும் மாட்டிக்கொள்வார்கள். ஒரு சின்ன அலுவலகம் இரண்டு பிராட்பேண்ட் வைத்திருக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற கணக்கு. லேப்டாப்புக்கு இரண்டு நிறுவனங்களின் ஐபிவி6 முகவரிகளும் கிடைக்கும். அது முதல் நிறுவனத்தின் முகவரியை எழுதி, பாக்கெட்டை இரண்டாவது நிறுவனத்தின் வழியாக அனுப்பினால்? 'இது நாங்க கொடுத்த முகவரி இல்லையே' என்று அங்கேயே குப்பையில் போட்டுவிடுவார்கள். நெட் இருக்கும், சிக்னல் இருக்கும், பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எட்டு விதிகள், ஒரு நாக்-அவுட் போட்டி

ஐபிவி6-ல் ஒரே வாசலுக்குள்ளேயே பல முகவரிகள் இருப்பதால், வாசலைப் பார்த்து முகவரி எழுதும் பழைய முறை போதவில்லை. எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ள ஒரு பொது விதி தேவைப்பட்டது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, 2003-ல் 'ஆர்எஃப்சி 3484' என்ற ஆவணத்தை வெளியிட்டது. அதை மாற்றி எழுதிய 'ஆர்எஃப்சி 6724' 2012 செப்டம்பரில் வந்தது.

இதில் அனுப்புநர் தேர்வுக்கு எட்டு விதிகள். நாக்-அவுட் போட்டி மாதிரி நடக்கும். இரண்டு முகவரிகளை எடுத்து, முதல் விதியைப் போட்டுப் பார்க்கும். ஒன்று ஜெயித்தால் ஆட்டம் முடிந்தது. டிரா ஆனால் அடுத்த விதி. இப்படியே கடைசியில் ஒரு முகவரி மிஞ்சும்.

உங்கள் லேப்டாப்பில் ஐந்து ஐபிவி6 முகவரிகள் இருக்கின்றன, ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வைத்து ஓட்டிப் பார்ப்போம்.

முதல் ஆள், 'எஃப்இ80' என்று தொடங்கும் முகவரி. இது ஒவ்வொரு ஐபிவி6 இணைப்பிலும் கட்டாயம் இருக்கும். ஆனால் இதன் செல்வாக்கு தெருமுனை வரைதான். ஒரே வைஃபைக்குள் இருக்கும் ரூட்டரோடும் மற்ற கருவிகளோடும் பேச மட்டுமே செல்லும். வெளியூர் போகும் கடிதத்தில் 'மாடி வீடு, பின்பக்கம்' என்று மட்டும் அனுப்புநர் முகவரி எழுதினால் எப்படி இருக்கும்? இரண்டாவது விதி இதை வெளியேற்றிவிடும்.

இரண்டாவது ஆள், காலாவதியை நெருங்கும் பழைய முகவரி. வீடு மாறிய பிறகு பழைய விலாசத்துக்கு வரும் தபால் கொஞ்ச நாள் கைக்கு வந்துகொண்டிருக்கும் இல்லையா, அந்த நிலை. ஏற்கெனவே நடக்கும் இணைப்புகளுக்கு இது செல்லும். புதிதாகத் தொடங்கும் இணைப்புக்கு இதை எழுதாதே என்கிறது மூன்றாவது விதி.

நான்காவது விதி, இடம் மாறினாலும் ஒரே 'வீட்டு முகவரி'யை வைத்துக்கொள்ளும் ஒரு மொபைல் தொழில்நுட்பத்துக்கானது. அது பரவலாகவில்லை, விட்டுவிடலாம். ஐந்தாவது விதி, பாக்கெட் போகும் வாசலின் முகவரிக்கே முன்னுரிமை தருகிறது.

2012-ல் இதற்குப் பக்கத்தில் 5.5 என்ற எண்ணுடன் ஒரு விதியைச் செருகினார்கள். எந்த ரூட்டர் வழியாகப் போகப் போகிறாயோ, அந்த ரூட்டர் அறிவித்த முகவரியையே எழுது என்பது அதன் சாரம். மேலே பார்த்த இரண்டு பிராட்பேண்ட் சிக்கலுக்கு இதுதான் மருந்து. ஆனால் எந்த ரூட்டர் எந்த முகவரியைத் தந்தது என்று நினைவில் வைத்திருக்கும் சிஸ்டத்தால் மட்டுமே இதைப் பின்பற்ற முடியும்.

மூன்றாவது ஆள், 'எஃப்டி' என்று தொடங்கும் உள்வட்ட முகவரி. வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் பயன்படுத்துவது. பொது இணையத்தில் இதற்கு வழி கிடையாது. ஆறாவது விதி, போகும் இடத்தின் ரகமும் அனுப்புநரின் ரகமும் பொருந்துகிறதா என்று ஒரு அட்டவணையை வைத்துப் பார்க்கும். பொருந்தாததால் இதுவும் அவுட்.

மிச்சம் இரண்டு பேர். ஒன்று நிலையான முகவரி, இன்னொன்று தற்காலிக முகவரி. இரண்டும் பொது இணையத்தில் செல்லும். இரண்டும் ஒரே வாசலில் இருக்கின்றன. எட்டாவது விதி, போகும் முகவரியோடு முன்பகுதி அதிகம் ஒத்துப்போவது எது என்று பார்ப்பது, ஒரு குத்துமதிப்பான கணக்கு. அது வரை போகாமல் இந்த மோதலை முடித்துவைப்பது ஏழாவது விதி.

தலைகீழான ஏழாவது விதி

இதைப் புரிந்துகொள்ள ஐபிவி6 முகவரி எப்படி உருவாகிறது என்று தெரியணும். 128 பிட்டில் முன்பாதி நீங்கள் இருக்கும் நெட்வொர்க்கைச் சொல்லும். பின்பாதியைக் கருவியே உருவாக்கிக்கொள்ளலாம். ஆரம்பகால முறையில், கருவியின் வைஃபை சிப்புக்குத் தொழிற்சாலையிலேயே தரப்படும் 48 பிட் மேக் எண்ணை எடுத்து, நடுவில் கொஞ்சம் நிரப்பி, ஒரு பிட்டை மாற்றி, பின்பாதியாக வைத்துக்கொண்டார்கள்.

பொறியாளருக்கு இது வசதி. பயனருக்கு? வீட்டில் இருக்கும்போது முன்பாதி ஒன்று. அலுவலகம் போனால் வேறு. ஹோட்டலில் வேறு. ஆனால் பின்பாதி எங்கே போனாலும் அதேதான். இன்று காலை சென்னையில் ஒரு வீட்டில் இருந்து வந்த கருவியும், மாலை கோவையில் ஒரு ஹோட்டலில் இருந்து வந்த கருவியும் ஒன்றுதான் என்று எந்த இணையதளமும் கண்டுபிடித்துவிடலாம். குக்கீயை அழித்தாலும், இன்காக்னிட்டோவில் போனாலும் பயனில்லை. ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் கருவியின் வரிசை எண் ஒட்டியிருக்கும்.

ஐபிவி4-ல் இந்த அளவு ஆபத்து இல்லாததற்குக் காரணம் உண்டு. அங்கே உங்கள் கருவியின் 192.168 முகவரி ரூட்டரோடு நின்றுவிடும். ரூட்டர் அதை அழித்து, வீட்டுக்கே பொதுவான ஒரு முகவரியை எழுதி அனுப்பும். மொபைல் நெட்வொர்க்கில் பலருக்குச் சேர்த்து ஒரே முகவரி போகும். ஐபிவி6-ல் பொதுவாக இந்த மாற்றி எழுதும் வேலை கிடையாது. கருவி எழுதிய அனுப்புநர் முகவரி அப்படியே எதிர்முனைக்குப் போய்ச் சேரும். அதனால்தான் இங்கே எதைத் தேர்வு செய்கிறோம் என்பது இத்தனை முக்கியம்.

ஆபத்தைப் புரிந்துகொண்டு, 2001-லேயே ஒரு மாற்று வழி சொன்னார்கள். பின்பாதியைத் தற்செயலான எண்களால் உருவாக்கு, கொஞ்ச நாளில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்கு. இதுதான் தற்காலிக முகவரி.

நல்ல யோசனை. ஆனால் 2003-ல் வந்த தேர்வு விதிகள் என்ன சொன்னது தெரியுமா? தற்காலிகமும் நிலையானதும் இருந்தால், நிலையானதையே அனுப்புநர் ஆக எழுது. பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்தே வை என்பது மாதிரி. அடிக்கடி மாறும் முகவரியால் சில ஆப்கள் குழம்பலாம் என்ற தயக்கம் அன்றைக்கு இருந்தது. விரும்பும் ஆப் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஆனால் நாம் முன்பே பார்த்தோம், பெரும்பாலான ஆப்கள் எதையும் கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கு என்ன கிடைக்கிறதோ, அதுதான் நடைமுறையில் எல்லோருக்கும் கிடைப்பது.

2012-ல் வந்த புதிய ஆவணம் இதைத் திருப்பிப் போட்டது. தற்காலிக முகவரிக்கே முன்னுரிமை. நிலையானது வேண்டும் என்கிற ஆப்தான் இனி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாறியது ஒரு விதியின் திசை மட்டும்தான். அதன் பலனை அனுபவிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

அதன் பிறகும் இறுக்கிக்கொண்டே வந்தார்கள். 2021-ல் வந்த 'ஆர்எஃப்சி 8981', தற்காலிக முகவரியை இயல்பாக 1 நாள் மட்டும் புதிய இணைப்புகளுக்குப் பயன்படுத்தலாம், 2 நாளில் அது செல்லாமல் போகணும் என்றது. இதற்கு முன்பு அதிகபட்ச ஆயுள் 7 நாள். நிலையான முகவரியிலும் மேக் எண்ணை வைக்காமல், நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறும் எண்ணை வைக்கும் முறை 2014-ல் வந்தது. வைஃபை பக்கத்தில், மேக் எண்ணையே மாற்றிக் காட்டும் வசதி 2019-ல் ஆண்ட்ராய்டு 10-லும், 2020-ல் ஐஓஎஸ் 14-லும் இயல்பாகவே ஆன் செய்யப்பட்டது.

அப்போ நம்மை யாரும் பின்தொடர முடியாதா?

முடியும். தற்காலிக முகவரி மறைப்பது பின்பாதியை மட்டும்தான். முன்பாதி உங்கள் வீட்டு இணைப்பைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். கூகுள், ஃபேஸ்புக் கணக்கில் லாகின் செய்துவிட்டால் ஐபி முகவரி எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். எந்த முகவரியை யாருக்குக் கொடுத்தோம் என்பது உங்கள் இணைய சேவை நிறுவனத்துக்கும் தெரியும். இடம் மாறி இடம் மாறி ஒரே கருவியைத் துரத்தும் ஒரு சுலபமான வழி அடைபட்டது, அவ்வளவுதான். ஆனால் அது கோடிக்கணக்கான கருவிகளில், யாரும் எதையும் அமைக்காமலேயே அடைபட்டது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுப் பாருங்க. 'நேற்று மதியம் எந்த லேப்டாப்பில் இருந்து வைரஸ் பரவியது?' என்று தேடும்போது, முகவரி தினமும் மாறினால் அவர் பாடு திண்டாட்டம். அதனால் சில நிறுவனங்கள் இந்த வசதியை அணைத்து வைக்கின்றன. எப்போதும் ஒரே இடத்தில் இருந்து மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய சர்வர்களுக்கும் நிலையான முகவரிதான் பொருத்தம். நடமாடும் மனிதரின் போனுக்குத் தேவைப்படும் மறைப்பு, கடையின் பெயர்ப்பலகைக்குத் தேவையில்லை.

வீட்டை விட்டு இறங்கியதும் டவுன்லோட் நிற்பது ஏன்?

வைஃபையில் ஒரு பெரிய ஃபைல் இறங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தெருவுக்கு இறங்குகிறீர்கள். வைஃபை போய் மொபைல் டேட்டா வந்ததும் டவுன்லோட் செத்துப்போகிறது. காரணம் இதே அனுப்புநர் முகவரிதான்.

டிசிபி முறையில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டுவது நான்கு விஷயங்கள்: இரு பக்கத்து ஐபி முகவரிகள், இரு பக்கத்து போர்ட் எண்கள். அனுப்புநர் முகவரி மாறினால் சர்வரைப் பொறுத்தவரை நீங்கள் புது ஆள். பாதிப் பேச்சில் யாரோ உள்ளே நுழைந்த மாதிரி.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று, ஒரே இணைப்பில் பல முகவரிகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் மல்ட்டிபாத் டிசிபி. ஆப்பிள் 2013-ல் ஐஓஎஸ் 7-ல் சிரிக்காக இதைக் கொண்டுவந்தது. இன்னொன்று 2021-ல் தரநிலையான குவிக். இதில் இணைப்புக்கு முகவரியைச் சாராத தனி அடையாள எண் உண்டு. முகவரி மாறினாலும் எண்ணைக் காட்டி, பேச்சை விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

போக வேண்டிய தளத்துக்கே ஐபிவி4, ஐபிவி6 என்று இரண்டு முகவரிகள் இருந்தால்? அப்போது பிரவுசர்கள் ஒரு சின்ன ஓட்டப்பந்தயம் நடத்தும். 'ஹேப்பி ஐபால்ஸ்' என்று இதற்குப் பெயர். முதலில் ஐபிவி6-ல் முயற்சி. 250 மில்லிசெகண்டுக்குள் பதில் வராவிட்டால் ஐபிவி4-லும் முயற்சி தொடங்கும் என்பது 2017-ம் ஆண்டு ஆவணத்தின் பரிந்துரை. யார் முந்துகிறாரோ அவர் வழி. அதற்கேற்ப அனுப்புநர் முகவரியும் மாறிவிடும். ஒரே தளத்தில் உங்கள் முகவரி ஒரு முறை ஐபிவி4 ஆகவும் அடுத்த முறை ஐபிவி6 ஆகவும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்க என்ன பார்க்கலாம்?

விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்க. உங்கள் இணைப்பில் ஐபிவி6 இருந்தால் 'டெம்பரரி ஐபிவி6 அட்ரஸ்' என்று ஒரு வரி தெரியும். இணையதளங்களிடம் நீங்கள் காட்டும் முகம் பொதுவாக அதுதான்.

போனில் வைஃபை அமைப்புக்குள் போய், நீங்கள் பயன்படுத்தும் நெட்வொர்க்கின் விவரத்தைத் திறங்கள். ஆண்ட்ராய்டில் ரேண்டமைஸ்டு மேக், ஐபோனில் பிரைவேட் வைஃபை அட்ரஸ் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகமோ கல்லூரியோ கேட்டால் தவிர, அணைக்க வேண்டியதில்லை.

விபிஎன் பயன்படுத்துபவர்கள் அதை ஆன் செய்த பிறகு, ஐபி முகவரி காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் சரிபாருங்கள். ஒன்று மட்டும் மாறி, இன்னொன்று பழைய வீட்டு முகவரியாகவே இருந்தால் உங்கள் விபிஎன் பாதி வேலைதான் செய்கிறது.

சர்வர், கிளவுட் வேலையில் இருப்பவர்களுக்கு: ஒரு மெஷினுக்கு இரண்டாவது முகவரி சேர்க்கும் நாளில், அது எந்த முகவரியில் இருந்து வெளியே பேசுகிறது என்று சோதித்துவிடுங்கள். லினக்ஸில் 'ஐபி ரூட் கெட்' கட்டளையோடு போக வேண்டிய முகவரியைக் கொடுத்தால், எந்த வாசல், எந்த அனுப்புநர் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். மெயில், பேமென்ட் மாதிரி எதிர்முனை உங்கள் முகவரியைச் சரிபார்க்கும் சேவை என்றால், தானாகத் தேர்வு செய்யட்டும் என்று விடாமல் மென்பொருளிலேயே முகவரியைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது. ஐபிவி6-ல் வரும் பயனர்களின் தனி முகவரிக்கு அனுமதி கொடுத்து வைத்தால், நாளைக்கே அது மாறியிருக்கும். அனுமதி கொடுக்க வேண்டியது முன்பாதிக்கு, அதாவது அந்த நெட்வொர்க்குக்கு.

அடுத்த முறை 'நெட் இருக்கு, இந்த ஒரு சைட் மட்டும் வரலை' என்று யாராவது சொன்னால், சைட் முகவரியைச் சரிபார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கருவி தன்னை எந்த முகவரியில் அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்றும் பாருங்கள். பல நேரம் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். பதிலுக்குத்தான் வீடு தெரிந்திருக்காது.